முடோன் ரோட்டுல தம்பி கால் முறிஞ்சிருச்சு: ராடா, ப்ளேட்டா, எண்ணெய்க் கட்டா?

மோல்மீன் செல்வி · ஞாயிறு காலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கல, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

என் தம்பிக்கு 27 வயசு. நேத்து சாயங்காலம் முடோன்ல இருந்து ரப்பர் ஷீட் ஏத்திக்கிட்டு பைக்ல வந்திருக்கான். நல்ல மழை. எதிர்ல வந்த பழைய ஜப்பான் கார் ஒண்ணு முன்னாடி போன லாரியை முந்த வெளிய வந்திருக்கு. நம்ம பர்மா கதைதான் தெரியுமே, ரோடு வலப்பக்கம், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். பாதி வண்டி வெளிய வந்த பிறகுதான் எதிர்ல என்ன வருதுன்னே டிரைவருக்குத் தெரியும். தம்பி ஓரமா ஒடிச்சான், பைக் சறுக்கி கால் மேலயே விழுந்துருச்சு.

முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பும் போச்சு. பெரிய எலும்பு கணுக்காலுக்கு அரைச் சாண் மேல சாய்வா உடைஞ்சிருக்கு. அந்த இடத்துக்கு நேரா தோல்ல புளியங்கொட்டை அளவு காயம். இப்போதைக்கு பின்பக்கம் மாவுக்கட்டு வச்சு, ஊசி போட்டுப் படுக்க வச்சிருக்காங்க.

ஒரு டாக்டர் முட்டிகிட்ட இருந்து எலும்புக்குள்ள ராடு இறக்கணும்ங்கிறார். இன்னொருத்தர் கணுக்கால் கிட்ட வெட்டி ப்ளேட்டை உள்ள நுழைச்சிரலாம்ங்கிறார். ரெண்டு பேரும் "சின்ன கீறல்தாம்மா"ன்னு ஒரே மாதிரி சொல்றாங்க. மாமா வந்து, கத்தியே வேணாம், கிராமத்துல எலும்பு கட்டுற சயா (வைத்தியர்) இருக்கார், எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனா 45 நாள்ல நடப்பான்னு அம்மாவை இழுக்கிறார். அப்பா இல்ல. நாளைக்குள்ள நான்தான் கையெழுத்துப் போடணும்.

சின்ன கீறல்னா சின்ன ஆப்ரேஷனா? ராடுக்கும் ப்ளேட்டுக்கும் என்ன வித்தியாசம்? யாராவது சொல்லுங்க.

டாலா ராஜா · ஞாயிறு காலை 6:52

தங்கச்சி, பயப்படாத. எங்க அப்பாவுக்கும் இதே கால், இதே எலும்பு. கட்டுக்காரர்தான் கட்டுனார். 45 நாள், எழுந்து நடந்தார். இன்னைக்கு 70 வயசு, படகு ஏறி ரங்கூன் சந்தைக்குப் போயிட்டு வர்றார். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இரும்பு விக்கணும், அவ்வளவுதான். மாமா சொல்றதைக் கேளு.

ஓடி சயாமா · ஞாயிறு காலை 7:05

ராஜா தம்பி, கொஞ்சம் இருங்க. செல்வி, நான் 19 வருஷமா ஆப்ரேஷன் தியேட்டர்ல நர்ஸ். கீறல் கதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

அந்தப் புளியங்கொட்டை காயம் இருக்கே, அது எலும்பு உள்ள இருந்து குத்தி வெளிய எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போன வழியா இருக்கலாம். அப்படின்னா இது திறந்த முறிவு. ஆன்டிபயாடிக் ஊசி போட்டாச்சான்னு இப்பவே போய்க் கேளு, எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னும் கேளு. அது சீக்கிரம் போகணும். டெட்டனஸ் ஊசியும் கேளு. அந்தக் காயத்து மேல எண்ணெய், மஞ்சள், தனகா மரப்பட்டைச் சாந்து எதுவும் படக்கூடாது. மாமா பாசத்துல தடவிருவார், பக்கத்துலயே இரு.

அடுத்தது, தம்பியோட கால் விரலை நீயே மெதுவா மேல் பக்கமா வளைச்சுப் பாரு. உயிர் போற மாதிரி கத்துறானா? ஊசி போட்டும் வலி ஏறிக்கிட்டே போகுதா? கெண்டைக்கால் கல்லு மாதிரி விறைச்சிருக்கா? இதுல எது இருந்தாலும் நர்ஸைக் கூப்பிடு, டாக்டர் வர்ற வரைக்கும் நகராதே. முட்டிக்குக் கீழ சதை நாலு உறைக்குள்ள இருக்கு, உறை விரியாது. உள்ள வீங்குனா சதைக்கு ரத்தம் நின்னுரும், சில மணி நேரத்துல செத்துரும். பாதத்துல நாடி துடிக்குதேன்னு ஏமாந்துராதே, நாடி கடைசி வரைக்கும் துடிக்கும். தோல்ல ஓட்டை இருக்கு, அழுத்தம் வெளிய போயிரும்னு நினைக்கிறதும் தப்பு.

மோல்மீன் செல்வி · ஞாயிறு காலை 7:40

சயாமா, பாத்துட்டேன். விரல் வளைச்சா லேசா முனகுறான், கத்தல. விரல் சூடா இருக்கு. ஆன்டிபயாடிக் நேத்து ராத்திரி 8 மணிக்கே போட்டிருக்காங்க, சீட்டுல இருக்கு. டெட்டனஸ் போடல, இப்பத்தான் போட்டாங்க. நன்றி சயாமா. மாமா எண்ணெய் பாட்டிலோட வராந்தாவுல உக்காந்திருக்கார்.

கெமண்டைன் சயா · ஞாயிறு காலை 9:20

செல்விம்மா, நான் ரங்கூன்ல எலும்புப் பிரிவு டாக்டர். படம் பாக்காம இதைச் செய், அதைச் செய்னு சொல்ல மாட்டேன். உங்க சயாகிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும் இதை வச்சுக்குங்க.

உங்க முட்டிக்குக் கீழ, உள்பக்கமா விரலை வச்சு கணுக்கால் வரைக்கும் இழுத்துப் பாருங்க. முழு நீளத்துக்கும் தோல், உடனே எலும்பு. நடுவுல சதையே இல்ல. தொடை எலும்பு மெத்தைக்குள்ள படுத்திருக்கு, இது திண்ணையில படுத்திருக்கு. அதனாலதான் சின்ன அடிக்கே வெளிய வந்துருது, ஆறவும் நாளாகுது.

எலும்புக்கு ரத்தம் ரெண்டு வழியா வருது. ஒரு ரத்தக்குழாய் மேல்பாதியில பின்பக்கமா உள்ள நுழைஞ்சு, மஜ்ஜைக் குழி வழியா கீழ இறங்குது. இன்னொண்ணு வெளிய சுத்தியிருக்கிற சவ்வு வழியா. எலும்பு உடைஞ்சா உள்வழி அறுந்துரும். அப்புறம் கீழ்த் துண்டு உயிரோட இருக்கிறதே சவ்வு தர்ற ரத்தத்துலதான். உங்க தம்பிக்கு உடைஞ்சிருக்கிற கீழ்ப்பகுதியில சுத்திச் சதையும் கம்மி, பெரும்பாலும் தசைநார்தான். வறண்ட நிலம் மாதிரி.

இப்போ கீறல் விஷயம். 1958ல சுவிட்சர்லாந்துல சில சர்ஜன்கள் ஏஓ குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. காலைத் திறந்து, துண்டுகளை இம்மி பிசகாம பொருத்தி, ப்ளேட்டும் ஸ்க்ரூவும் வச்சு இறுக்குறது அவங்க முறை. உலகம் முழுக்கப் பரவுச்சு. எக்ஸ்ரே கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும். ஆனா அப்படிப் பொருத்தணும்னா சவ்வை உரிக்கணும். சவ்வை உரிச்சா துண்டு பட்டுப்போகும். சிலருக்கு எலும்பு சேரல, சிலருக்குச் சீழ் பிடிச்சுது. 1990கள்ல அந்தக் குழுவைச் சேர்ந்தவங்களே பாதையை மாத்துனாங்க. உடைஞ்ச இடத்தைத் தொடாதே, தள்ளி நின்னு நீளத்தையும் கோணத்தையும் திருப்பத்தையும் சரி பண்ணு, நடுவுல இருக்கிற சில்லுகளை அதும்பாட்டுக்கு விடுன்னு.

ஆக, சின்ன கீறல்ங்கிறது தழும்பு தெரியாம இருக்கிறதுக்கான அழகு வேலை இல்ல. உடைஞ்ச இடத்துல கசிஞ்சு கட்டியிருக்கிற ரத்தத்தையும் சவ்வையும் கலைக்காம விடணும், அதுக்குத்தான். அந்தக் கட்டுலதான் புது எலும்பு முளைக்கப் போகுது. தோல்ல 4 சென்டிமீட்டர் வெட்டிட்டு உள்ள சவ்வைச் சுரண்டுற சர்ஜனும் உண்டு. நீளமா வெட்டியும் சவ்வைத் தொடாம வர்றவரும் உண்டு. அதனால ஆப்ரேஷன் சின்னதான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன்.

இன்னொண்ணு. தம்பிக்குத் தோல்ல ஓட்டை இருக்கிறதால அதை அப்படியே தைக்க மாட்டாங்க. கொஞ்சம் பெருசாக்கி, உள்ள போன மண்ணையும் செத்த சதையையும் எடுத்து நிறைய சலைன் விட்டுக் கழுவணும். "சின்ன கீறல்னு சொன்னீங்களே, ஏன் இங்க இவ்வளவு வெட்டுனீங்க?"ன்னு அப்புறம் சண்டை போடாதீங்க.

தட்டோன் பெரியவர் · ஞாயிறு காலை 10:15

டாக்டர் தம்பி திண்ணைன்னு சொன்னது பொருத்தமான பேச்சு. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. தலைப்புக்கு வெளியே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942-43ல் சயாம் மரண ரயில்பாதை போட்டபோது பர்மா பக்கத்து முனை நம் தன்பியூசயத்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்து வரப்பட்ட நம் ஆட்களும் வெள்ளைக்காரக் கைதிகளும் அந்தக் காட்டில் செத்தது எல்லாருக்கும் தெரியும். காலராவும் மலேரியாவும் போக, மூங்கில் முள் கீறின கீறல் புண்ணாகி எத்தனையோ பேருக்குக் காலையே எடுக்க வேண்டியிருந்ததாம். அந்தப் புண் அநேகமாக வந்த இடம் முன்னங்கால், எலும்புக்கு மேலேயே. கரண்டியால் சீழை வழித்தார்கள் என்று என் தகப்பனார் சொல்லுவார். ஏன் அந்த இடத்தில் மட்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அவருக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத்தான் புரிகிறது.

பெகு அந்தோணி · ஞாயிறு பகல் 12:30

நான் ராடு போட்டவன், 3 வருஷமாச்சு. அனுபவத்தைச் சொல்றேன்.

கால் சேர்ந்துருச்சு, அஞ்சு மாசத்துல கம்பு இல்லாம நடந்தேன். ஆப்ரேஷன் அன்னைக்கு ராத்திரி வலிச்சது, ஆனா எலும்பு உரசுற அந்தப் பழைய வலி போயே போச்சு. அதுவரைக்கும் சந்தோஷம்.

குறை ஒண்ணு இருக்கு, அதை யாரும் முன்னாடி சொல்லல. முட்டி போட முடியல. கோயில்ல பூசை நேரத்துல எல்லாரும் முட்டி போடுறப்போ நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கேன். முட்டிச் சில்லுக்குக் கீழ தழும்பு மேல எடை பட்டா யாரோ ஊசியால குத்துற மாதிரி இருக்கு. சம்மணம் போட்டு உக்காரலாம், குந்தலாம், முட்டி மட்டும் முடியாது. சயா, இது எனக்கு மட்டுமா?

கெமண்டைன் சயா · ஞாயிறு மாலை 4:05

அந்தோணி அண்ணே, உங்களுக்கு மட்டும் இல்ல. ராடு போட்டவங்க சொல்ற புகார்ல முதல் புகார் முன்முட்டி வலிதான். வெள்ளைக்கார ஊர்ல தோட்ட வேலை, டைல்ஸ் வேலை பாக்குறவங்களுக்குத்தான் அது பெருசு. நமக்கு அப்படியா? பகோடாவுல, சர்ச்சுல, மசூதியில, வீட்டுல பெரியவங்க கால்ல விழறப்ப, எல்லாத்துக்கும் முட்டி வேணும். ஆப்ரேஷனுக்கு முன்னாடியே இதைச் சொல்லணும். நாங்க சொல்றதில்ல, அது எங்க தப்பு.

வழக்கமான முறையில முட்டியை நல்லா மடக்கி, சில்லுக்குக் கீழ இருக்கிற தசைநாரை ஒதுக்கியோ பிளந்தோ உள்ள போறோம். இப்போ சில இடங்கள்ல காலை ஏறக்குறைய நீட்டி வச்சு, சில்லுக்கு மேல இருந்து இறக்குறாங்க. அதுக்குத் தனிக் கருவி வேணும், எல்லா ஊர்லயும் இருக்காது. உங்களுக்கு ராடு முனை எலும்புக்கு வெளிய துருத்தியிருக்கான்னு பக்கவாட்டு எக்ஸ்ரேயில பாருங்க. துருத்தியிருந்தா எடுக்கிறதுல அர்த்தம் உண்டு. இல்லைன்னா எடுத்தும் சிலருக்கு வலி போறதில்ல, தெரிஞ்சே முடிவு பண்ணுங்க.

டாலா ராஜா · ஞாயிறு மாலை 5:30

பாத்தீங்களா? நான் சொன்னா கோவம் வருது. எங்க தெருவுல ஒரு பையன், ஆஸ்பத்திரியிலதான் ராடு போட்டான், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். எலும்பு சேர்ந்துச்சு, ஆனா பாதம் வெளிப்பக்கமா திரும்பியே நிக்குது. கடிகாரத்துல ரெண்டு மணி மாதிரி. சைக்கா ரிக்‌ஷா மிதிக்கிறவன், இப்போ பெடல்ல கால் நிக்கல. இதுக்கு என்ன சொல்றீங்க சயா?

கெமண்டைன் சயா · ஞாயிறு மாலை 6:10

ராஜா, நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன்.

உடைஞ்ச இடத்தைத் திறக்காம செய்யுறதுக்கு ஒரு விலை இருக்கு, அது இதுதான். எக்ஸ்ரேயில நீளம் தெரியும், சாய்வு தெரியும். திருப்பம் சுலபமா தெரியாது. கீழ்த் துண்டு உருளை மாதிரி சுத்திக்கிட்டு நிக்கும், அந்த நிலையிலேயே ஸ்க்ரூ போட்டுப் பூட்டிட்டா அப்படியே சேர்ந்துரும். தடுக்க வழி உண்டு. நல்ல காலையும் துணி மூடாம வெளிய வச்சு, பூட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும். தியேட்டரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. செல்விம்மா, இதைக் கேளுங்க: "பாதம் திரும்பாம இருக்க என்ன பண்ணுவீங்க?" நல்ல சயா கோவப்பட மாட்டார்.

உங்க தெருப் பையனுக்கு முதல் சில நாள்லயே கண்டுபிடிச்சிருந்தா ஸ்க்ரூவைக் கழட்டித் திருப்பிப் பூட்டியிருக்கலாம். இப்பவும் வழி இருக்கு, ஆனா எலும்பைத் திரும்ப வெட்டணும்.

கீழ்ப்பக்க முறிவுல இன்னொரு தொல்லையும் உண்டு. எலும்போட உள்குழி நடுவுல குறுகல், கீழ போகப் போக புனல் மாதிரி அகலம். ராடு அங்க ஆடும், கீழ்த் துண்டு ஒரு பக்கமா சாயும். அதுக்கு ராடு போற பாதைக்கு ஓரமா ஒரு ஸ்க்ரூவைக் குறுக்கே நட்டு, ராடை நடுவுக்குத் தள்ளுவோம். ஜெர்மன் டாக்டர்கள் அதுக்கு வச்ச பேர் பொல்லர் ஸ்க்ரூ. பொல்லர்னா நடைபாதையில வண்டி ஏறாம நட்டு வைக்கிற கம்பம். முடோன் ரோட்டுல ரெண்டு நட்டிருக்கலாம்.

காமாயுட் வாசுகி · ஞாயிறு இரவு 8:00

நான் ஸ்கூல் டீச்சர். இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

என் அண்ணன் மகனுக்கு 16 வயசுல கால் முறிஞ்சது. தோல்ல காயமே இல்ல. கட்டுக்காரர்கிட்ட போனாங்க. மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டுனார். ராத்திரி பூரா பையன் கத்துனான். வலி தாங்காத பையன்னு பெரியவங்க அதட்டுனாங்க. மறுநாள் மதியம் கத்தல நின்னுச்சு, குணமாகுதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மரத்துப் போயிருந்துச்சு. மூணாம் நாள் ஆஸ்பத்திரி. கால் தப்பிச்சது, ஆனா கெண்டைக்கால் சதையில பாதியை எடுத்துட்டாங்க. பாதம் தொங்கும், விரல் மடங்கியே இருக்கும். 24 வயசு இப்போ.

கட்டுக்காரர் கெட்டவர் இல்ல, காசு கூட வாங்கல. செல்வி, மாமாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு.

ஓடி சயாமா · ஞாயிறு இரவு 8:25

வாசுகி, எழுதுனதுக்கு நன்றிம்மா. நான் காலையில சொன்னது இதைத்தான். மாவுக்கட்டுலயும் இது நடக்கும், ராடு போட்ட பிறகும் நடக்கும். யார் கட்டுனாலும் சரி, வலி அளவுக்கு மீறுனா கட்டை முழுசா பிரிக்கணும்.

கட்டுக்காரர் கையில எத்தனையோ கால் சேரும், மறுக்கல. அதிகம் விலகாத முறிவு மாவுக்கட்டுலயே சேரும். சார்மியென்டோன்னு ஒரு சயா 1967லேயே முட்டிக்குக் கீழ கட்டுப்போட்டு நோயாளியை நடக்கவிட்டே சேர்த்துக் காட்டியிருக்கார். அதுக்கும் வாரா வாரம் எக்ஸ்ரே வேணும். தோல் கிழிஞ்ச காலுக்கு அந்தப் பேச்சே வேணாம்.

மோல்மீன் செல்வி · ஞாயிறு இரவு 9:10

அம்மா அழுதுட்டாங்க. மாமா பேசல, எழுந்து வெளிய போயிட்டார். ஆப்ரேஷன்தான்னு முடிவு. ராடா ப்ளேட்டா, அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில.

கெமண்டைன் சயா · ஞாயிறு இரவு 9:45

ரெண்டுமே இன்னைக்குச் சின்ன கீறல்லதான் செய்யுறது. கணுக்கால் மூட்டுக்குள்ள கோடு போகலைன்னா ரெண்டும் பொருந்தும்.

ப்ளேட்டுன்னா உள்கணுக்கால் மேட்டுல ஒரு சின்ன வெட்டு. அங்க இருந்து தோலுக்கும் சவ்வுக்கும் நடுவுல சுரங்கம் மாதிரி வழி பண்ணி, ப்ளேட்டை மேல தள்ளுவாங்க. மேல இன்னொரு வெட்டு, ஸ்க்ரூவுக்குத் துளைகள். மூட்டுக்குக் கிட்ட உடைஞ்சா பிடிமானம் நல்லா இருக்கும். ஆனா நான் சொன்ன அந்தத் திண்ணைத் தோலுக்கு அடியிலதான் ப்ளேட் உக்காரும். தொட்டா தட்டுப்படும், செருப்பு வார் உரசும், காயம் ஆறலைன்னா இரும்பு வெளிய தெரியும். ராடு எலும்புக்குள்ள இருக்கும், தோலுக்கு உறுத்தல் இல்ல, சீக்கிரம் எடை வைக்கலாம். ஆனா அந்தோணி அண்ணனோட முட்டி.

2017ல இங்கிலாந்துல வந்த ஒரு ஆய்வு, கீழ்ப்பக்க முறிவு உள்ள 321 பேருக்குச் சீட்டுப் போட்ட மாதிரி பாதிப் பேருக்கு ராடு, பாதிப் பேருக்கு ப்ளேட். மூணாம் மாசம் ராடுக்காரங்க கொஞ்சம் முன்னாடி இருந்தாங்க. ஆறாம் மாசம் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால உங்க சயா எதை அடிக்கடி செய்யுறாரோ, அவர் கை எதுல பழகியிருக்கோ அது. உடைஞ்ச இடத்துக்கு நேராவே ஓட்டை இருக்கிற காலுக்கு, அதே தோலுக்கு அடியில ப்ளேட் வைக்க நானா இருந்தா யோசிப்பேன். இது என் கருத்து, கையெழுத்து உங்களோடது.

தம்பி குன்யா, அதான் வெத்தலை பாக்கு, போடுவானா? புகையிலை வச்சா?

மோல்மீன் செல்வி · ஞாயிறு இரவு 9:50

ஒரு நாளைக்கு 15 பொட்டணம் சயா.

கெமண்டைன் சயா · ஞாயிறு இரவு 9:52

நிறுத்தச் சொல்லுங்க. நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஏற்கெனவே வறண்ட நிலம்.

ஓடி சயாமா · ஞாயிறு இரவு 10:20

உள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சா செல்விக்குப் பயம் குறையும். முட்டியில நாலு விரல் அகலத்துக்கும் கம்மியா ஒரு வெட்டு. எலும்போட மேல் விளிம்புல துளை போட்டு, நீளமான ஒல்லிக் கம்பி ஒண்ணை விடுவாங்க. அது உடைஞ்ச இடத்தைத் தாண்டிக் கீழ்த் துண்டுக்குள்ள போகணும். சி-ஆர்ம்னு ஒரு எக்ஸ்ரே மெஷின், திரையில பாத்துக்கிட்டே செய்வாங்க. அப்புறம் அரை அரை மில்லிமீட்டரா பெருசாகுற ரீமரால உள்குழியைச் சீவிட்டு, ராடை இறக்குவாங்க. மேல் ஸ்க்ரூவுக்குப் பிடியிலேயே அளவுக்கருவி இருக்கும், சுலபம்.

கீழ் ஸ்க்ரூதான் எங்க எல்லாரையும் வேர்க்க வைக்கும். ராடுல இருக்கிற ஓட்டை தோலுக்கு அடியில எங்கேன்னு திரையைப் பாத்துக் குறி வைக்கணும். ஓட்டை முட்டை மாதிரி தெரிஞ்சா மெஷின் கோணம் தப்பு. திருப்பித் திருப்பி, அது பௌர்ணமி நிலா மாதிரி முழு வட்டமா வர்ற வரைக்கும் யாரும் பேச மாட்டோம். வட்டம் வந்ததும் டாக்டர் ட்ரில் முனையை நடுவுல வைப்பார். கரண்டு போறது கரெக்டா அப்பதான்.

சி-ஆர்ம் இல்லாத இடத்துக்குன்னே ஒரு ராடு இருக்கு, சைன் ஆணின்னு. லூயிஸ் ஜிர்க்கிள்னு ஒரு அமெரிக்க சயா 1999ல ஆரம்பிச்ச அமைப்பு, ஏழைங்களுக்கு இலவசமா தர்றாங்க. கெட்டிக் கம்பி, நடுவுல ஓட்டை கிடையாது. வெளிய நீளமா ஒரு அளவுக்கை, அது காட்டுற இடத்துல துளை போட்டு, ராடுல இருக்கிற பள்ளத்தைக் கருவியால தடவியே கண்டுபிடிக்கணும். ரீமர் கூட கையாலதான் சுத்துறது. போட்டவங்க எக்ஸ்ரேயை அந்த அமைப்புக்கு அனுப்பணும், அதை வச்சு அடுத்த ஆணி வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், கரண்டு போனாலும் கை நிக்காது.

மாந்தளை மீனா · திங்கள் காலை 5:40

வளையம் பத்தி யாரும் எழுதல. என் வீட்டுக்காரர் 9 மாசம் போட்டிருந்தார். பெரிய காயம், சீழ் பிடிச்சு 4 சென்டிமீட்டர் எலும்பை வெட்டி எடுத்துட்டாங்க. அப்புறம் காலைச் சுத்தி வளையம், எலும்புக்குள்ள சைக்கிள் கம்பி மாதிரி கம்பிகள். மேல எலும்பை வெட்டிவிட்டு, ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர், நாலு தடவையா நானேதான் ஸ்பானர் வச்சுத் திருப்புவேன். அந்த இடைவெளியில எலும்பு வளர்ந்துச்சு, சத்தியமா. கைலி கட்டுற ஊரா இருந்ததால பிழைச்சோம், பேன்ட் ஊருன்னா வெளியவே போயிருக்க முடியாது.

கெமண்டைன் சயா · திங்கள் காலை 6:15

மீனாக்கா, அதைக் கண்டுபிடிச்ச இலிசரோவ் சைபீரியாவுல குர்கான்னு ஒரு ஒதுக்குப்புற ஊர்ல இருந்தார். பல வருஷம் வெளியுலகத்துக்குத் தெரியல. கார்லோ மௌரின்னு இத்தாலி மலையேறி, அவருக்கும் இதே எலும்புதான், வருஷக்கணக்கா சேராம நொண்டிக்கிட்டிருந்தார். 1980ல குர்கான் போய் நேராக்கிக்கிட்டு வந்தார். அதைப் பாத்துத்தான் இத்தாலி டாக்டர்கள் அவரைக் கூப்பிட்டாங்க. அறுவை சின்னது, பொறுமை பெருசு. செல்வி தம்பிக்கு அது தேவைப்படாது, தேவைப்படவும் வேணாம்.

மோல்மீன் செல்வி · செவ்வாய் காலை 11:00

முடிஞ்சது. ராடு. முதல்ல அந்தக் காயத்தைப் பெருசாக்கி, பக்கெட் பக்கெட்டா கழுவுனாங்களாம். மேல ரெண்டு ஸ்க்ரூ, கீழ ரெண்டு. பாதம் திரும்பாம பாருங்கன்னு நான் கேட்டேன். டாக்டர் ஒரு நிமிஷம் என்னையே பாத்தார், அப்புறம் சிரிச்சுட்டு, "ரெண்டு காலும் வெளிய வச்சுத்தான் செய்வேன்"ன்னார். நடுவுல கரண்டு போச்சாம் சயாமா! ஜெனரேட்டர் வர்ற வரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்களாம்.

தம்பி முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, ரப்பர் ஷீட்டை யார் எடுத்து வச்சாங்கன்னு.

மோல்மீன் செல்வி · ஆறு வாரம் கழிச்சு

ரெண்டாம் நாளே கம்பு ஊனி எழுப்பிட்டாங்க. வீட்டுல குந்துற கக்கூஸ்தான் பிரச்சினை. மாமா பிளாஸ்டிக் நாற்காலி நடுவுல ஓட்டை அறுத்துக் கொண்டு வந்தார், சாணைக்கல்லுல விளிம்பைத் தேய்ச்சு வழவழன்னு பண்ணி. எண்ணெய் பாட்டிலையும் கொண்டு வந்தார், அதைத் தன் முட்டிக்குத் தேய்ச்சுக்கிறார். எக்ஸ்ரேயில உடைஞ்ச இடத்தைச் சுத்தி புகை மாதிரி தெரியுது, அதுதான் புது எலும்பாம். குன்யாவை விட்டுட்டேன்ங்கிறான். தலையணை உறையில மட்டும் எப்படி செவப்புக் கறைன்னு தெரியல.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்க நேர்த்தி இருக்காம் சயா, இன்னும் நாலு மாசம் இருக்கு. எடுக்கலாமா?

கெமண்டைன் சயா · அன்று இரவு

நேரா ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம். ரெண்டையும் சேர்த்தா நாலு ஓரம் வரும். நாலுல மூணு ஓரத்துல எலும்புப் பாலம் போட்டிருந்து, நடக்கும்போது அந்த இடத்துல வலியும் இல்லைன்னா எடுக்கட்டும். இல்லைன்னா முருகன் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருப்பார். மூணு மாசத்துல பாலம் வரலைன்னா உடனே திரும்ப ஆப்ரேஷன்னு யாராவது கிளப்பினா அவசரப்படாதீங்க. 2008ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 1,200 பேருக்கு மேல ராடு போட்டுப் பாத்தாங்க. ஆறு மாசம் பொறுத்தா நிறையப் பேருக்குத் தானே சேர்ந்துருதுன்னு தெரிஞ்சது.

டாலா ராஜா · மறுநாள் காலை

செல்வி தம்பி நடக்கிறது சந்தோஷம். சயா, ஒண்ணு கேக்கணும், பொதுவுல கேக்க ஒரு மாதிரி இருக்கு. எங்க அப்பா 45 நாள்ல நடந்தார்னு சொன்னேன்ல. நடந்தார். ஆனா அந்தக் கால் கொஞ்சம் குட்டை. இத்தனை வருஷமா சாய்ஞ்சுதான் நடப்பார், இப்போ இடுப்பு வலி. 70 வயசுல ஆப்ரேஷன் வேணாம். செருப்புல ஏதாவது பண்ண முடியுமா?

கெமண்டைன் சயா · மறுநாள் பகல்

முடியும் ராஜா. அப்பாவை வெறுங்காலோட நிக்க வச்சு, குட்டைக் காலுக்கு அடியில மெல்லிசுப் பலகை ஒண்ணொண்ணா வைங்க. பின்னாடி இருந்து இடுப்பெலும்பு ரெண்டும் ஒரே மட்டத்துல வந்ததும் நிறுத்துங்க. எவ்வளவு உயரம்னு அளந்து எழுதுங்க, தைக்கிறவர்கிட்ட என்ன சொல்லணும்னு சொல்றேன். முழு உயரத்தையும் ஒரே நாள்ல ஏத்த வேணாம்.

டாலா ராஜா · அன்று இரவு

பலகை கிடைக்கல சயா. பழைய பஞ்சாங்கம் வச்சோம். மூணு வச்சதும் இடுப்பு நேராச்சு. அளந்தா 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அப்பா இறங்க மாட்டேங்கிறார், அப்படியே நின்னுக்கிட்டிருக்கார்.